முதுகில் ஏறும் மருந்து

2017-ம் ஆண்டு மழைக்காலத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். வாந்தி, மங்கிய பார்வை, தலைசுற்றல், மூச்சுத்திணறல். சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் சேர்க்கப்பட்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் பலர் சொந்த நிலம் இல்லாத கூலிகள். அவர்கள் மருந்தைக் குடித்தவர்கள் இல்லை. வேலைக்குப் போனவர்கள்.

அந்த ஆண்டு அங்கே பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. செடிகள் நெருக்கமாக நின்றன. பூச்சி அடங்காததால் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலந்தார்கள். கையால் அடிக்கும் பம்பின் இடத்தில், துளியை நுண்ணியதாக்கி வேகமாகப் பீய்ச்சும் விசைத்தெளிப்பான்கள் வந்திருந்தன. செடி தலைக்கு மேல் நிற்க, மருந்து முகத்துக்கு நேராகத் திரும்பி வந்தது. அதே 2017-ல் நம் பெரம்பலூர் பக்கமும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் உயிரிழந்தார்கள்.

பூச்சிமருந்து வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் பெரியது, அது நடக்கட்டும். ஆனால் நாளைக் காலையும் யாரோ ஒருவர் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கப் போகிறார். அவரைப் பற்றியும், அவர் முதுகில் இருக்கும் இயந்திரத்தைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

துளி சிறுத்தால் என்ன ஆகும்?

பவர் ஸ்பிரேயர் என்று ஊரில் பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. பேட்டரி பம்பும், பிஸ்டன் வைத்த பெட்ரோல் பம்பும் மருந்து நீரை அழுத்தி நாசில் வழியாகத் தள்ளுபவை. மிஸ்ட் ப்ளோயர் வேலை செய்யும் விதம் வேறு. அதில் பெட்ரோல் இன்ஜின் ஒரு காற்றாடியைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு 5,000 முதல் 7,000 சுற்று. அந்தக் காற்று தடித்த குழாய் வழியாக மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியேறும். குழாயின் வாயில் மருந்து நீர் மெல்லக் கசியும். காற்று அதைக் கிழித்துப் பனித்துளியாக்கி இலைக்குள் கொண்டு சேர்க்கும். கார்ப்பரேஷன்காரர்கள் கொசுவுக்கு அடிக்கும் புகை இயந்திரம் இதன் உறவுக்காரர் போலத் தெரியும். ஆனால் அது சூட்டினால் புகையாக்குவது. இதில் சூடு இல்லை, காற்றுதான் எல்லாம்.

நல்ல நிலையில் உள்ள மிஸ்ட் ப்ளோயரில் துளிகள் பெரும்பாலும் 50 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துளியின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே நீரில் எட்டு மடங்கு துளிகள் கிடைக்கும். இலையின் அடிப்பக்கத்திலும் மருந்து படியும், தரையில் சொட்டி வீணாவது குறையும். தென்னங்கன்று, மா, எலுமிச்சை, தேயிலை, உயர்ந்த பருத்தி ஆகியவற்றுக்கு இந்த இயந்திரத்தை விரும்புவது இதனால்தான். கேரள ரப்பர் தோட்டங்களில் மழைக்காலத்தில் வரும் இலையுதிர் நோயைத் தடுக்க, மழைக்கு முன்பே எண்ணெயில் கரைத்த தாமிர மருந்தை மரத்தின் உச்சிக்கு அனுப்புவதும் இதே குடும்பத்து இயந்திரங்கள்தான்.

ஆனால் துளி சிறுத்தால் அது கீழே விழ மறுக்கும். 100 மைக்ரான் துளி நொடிக்கு கால் மீட்டருக்குச் சற்று மேல் இறங்கும். 50 மைக்ரான் துளி 10 சென்டிமீட்டர்கூட இறங்காது. வெயில் 30 டிகிரி, காற்றில் ஈரம் பாதி என்றால் அந்த 50 மைக்ரான் துளியின் தண்ணீர் ஐந்து நொடிக்குள் வற்றிவிடும். மிஞ்சுவது தண்ணீரில்லாத, கெட்டியான மருந்துத் துகள். அது எங்கே போகும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். பக்கத்து வயலுக்கும் போகலாம். அடிப்பவரின் மூக்குக்கும் போகலாம்.

தண்ணீர்தான் குறைகிறது

இந்த இயந்திரத்தைப் பற்றி நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால், அடுத்து வரும் கணக்கைத்தான் சொல்வேன்.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மிஸ்ட் ப்ளோயருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஏக்கருக்கு வேண்டிய மருந்து மட்டும் இரண்டிலும் ஒன்றே. ஏக்கருக்கு 400 மி.லி. என்று லேபிள் சொன்னால், கைத்தெளிப்பானில் லிட்டருக்கு 2 மி.லி. கலக்கிறோம். மிஸ்ட் ப்ளோயரில் லிட்டருக்கு 6 மி.லி. ஆகிறது. தோளில் இருக்கும் டேங்கில் மருந்தின் கெட்டித்தனம் மூன்று மடங்கு. அதே ஒரு சொட்டு சட்டைக்குள் இறங்கினால், மூன்று சொட்டு இறங்கியதற்குச் சமம்.

இதைத் தெரியாமல் இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, கைத்தெளிப்பானுக்குப் பழகிய 'டேங்குக்கு இத்தனை மில்லி' கணக்கை அப்படியே இதில் ஊற்றுவது. பூச்சி சாகாது. 'மருந்து டூப்ளிகேட்டு' என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, மறுவாரம் இன்னொன்றைக் கலந்து அடிப்பார்கள். இரண்டாவது, கலவையைச் சரியாகக் கெட்டியாக்கிவிட்டு, நடையைப் பழையபடி மெதுவாக நடப்பது. இலையிலிருந்து சொட்டும் அளவுக்கு நனைத்தால்தான் மனதுக்குத் திருப்தி. மிஸ்ட் ப்ளோயரில் இலை சொட்டினால் மருந்து அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள்.

எத்தனை லிட்டர் போகிறது என்பதை வெறும் தண்ணீரை வைத்தே கண்டுபிடிக்கலாம். டேங்கில் அளந்த தண்ணீர் ஊற்றி, வேலைசெய்யும் வேகத்தில் இன்ஜினை ஓட்டி, ஒரு நிமிடம் அடியுங்கள். எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் போகிறது, நீங்கள் நிமிடத்துக்கு 40 மீட்டர் நடக்கிறீர்கள், ஒரு நடைக்கு 3 மீட்டர் அகலம் நனைகிறது என்றால், நிமிடத்துக்கு 120 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 3 சென்ட் முடியும். ஏக்கர் முடிய 34 நிமிடம். தண்ணீர் சுமார் 67 லிட்டர். 12 லிட்டர் டேங்க் என்றால் ஆறு டேங்குக்குள் அடங்கிவிடும். நாசிலில் உள்ள எண்ணிட்ட அளவுத் தட்டை மாற்றினால் இந்தக் கணக்கு மாறும். நடப்பவர் மாறினாலும் மாறும். புது ஆள் இயந்திரத்தை எடுக்கும் நாளில் இந்தச் சோதனையை மறுபடி செய்யாமல் மருந்தைக் கலக்கக் கூடாது.

டேங்க் மூடியின் ரப்பர் வாஷர்

பாதுகாப்பு என்றதும் நாம் முதலில் மாஸ்க்கைப் பேசுகிறோம். பராமரிப்பு என்றதும் பிளக்கையும் கார்புரேட்டரையும் பேசுகிறோம். ஒன்று மனிதருக்கு, இன்னொன்று இயந்திரத்துக்கு என்று பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினை தவறு. மிஸ்ட் ப்ளோயரைப் பழுதுபார்க்காமல் விட்டால், இன்ஜின் கெடுவதற்கு வெகுமுன்பே அதைச் சுமப்பவரின் உடம்பு கெடத் தொடங்கும். அது எப்படி என்பதற்கு டேங்க் மூடியே போதும்.

பல மாதிரிகளில் காற்றாடியிலிருந்து ஒரு சிறு குழாய் டேங்குக்குள் காற்றைச் செலுத்தும். அந்த லேசான அழுத்தம்தான் மருந்து நீரை நாசிலுக்குத் தள்ளுகிறது. மூடியில் ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலோ, மரை தேய்ந்திருந்தாலோ, அழுத்தத்தில் மருந்து மூடியைச் சுற்றிக் கசியும். குனியும்போதும் வரப்பைத் தாண்டும்போதும் இன்னும் கொஞ்சம். கசிந்தது எங்கே போகும்? டேங்க் முதுகோடு ஒட்டி இருக்கிறது. மருந்து சட்டையில் இறங்கி, முதுகெலும்பின் பள்ளம் வழியாக இடுப்புக்கு வந்து, அரைஞாணும் உள்ளாடையும் இறுக்கும் இடத்தில் தங்கும்.

மனிதத் தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மருந்தை உறிஞ்சுவதில்லை. பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்து அமெரிக்காவில் நடந்து 1971-ல் வெளியான ஆய்வு இதை அளந்து சொன்னது. முன்கையில் உறிஞ்சப்படுவதை ஒரு பங்கு என்று கொண்டால், உச்சந்தலையிலும் நெற்றியிலும் ஏறக்குறைய நான்கு பங்கு. விரைப் பகுதியில் 11 பங்குக்கும் மேல். மூடியில் கசியும் மருந்து போய்ச் சேருவது அந்த இடத்தில்தான். நாலைந்து மணி நேரம் வியர்வையில் ஊறி, அங்கேயே கிடக்கிறது. சில நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு ரப்பர் வளையத்தை மாற்றாததால் இது நடக்கிறது.

ஆகையால் மருந்து ஊற்றும் முன் வெறும் தண்ணீர் ஊற்றி, இன்ஜினைத் தரையிலேயே ஓட்டி, மூடி, டேங்க் அடிப்புறம், ஹோஸ் கிளிப், திறப்பு வால்வு ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இடம் ஈரமாக இருந்தாலும் அன்று அந்த இயந்திரம் வயலுக்குப் போகக் கூடாது. பாலித்தீன் பையைக் கிழித்து மூடிக்குள் வைத்து இறுக்குவது பல ஊர்களில் பழக்கம். அது அரை மணி நேரம்கூடத் தாங்காது. முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே தண்ணீர் புகாத ஷீட்டை மேலங்கி மாதிரிக் கட்டிக்கொள்வது நல்லது. மூடியைத் திறப்பதும் இன்ஜின் நின்று அழுத்தம் இறங்கிய பிறகுதான். ஓடும்போது திறந்தால் மருந்து முகத்தில் தெறிக்கும். நிரப்பும்போது வடிகட்டியைக் கழற்றி எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் வாய்க்கால் தண்ணீரின் தூசு நாசிலை அடைக்கும். அடைத்த நாசிலை வாயால் ஊதும் பழக்கம் இன்னும் போகவில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை டேங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அதற்குப் பிறகு வாய் வைக்க வேண்டிய தேவையே இராது.

காற்றைப் பார்த்து நடை

காற்று இடமிருந்து வலமாக அடிக்கிறது என்றால் வயலின் வலது ஓரத்தில் தொடங்க வேண்டும். குழாயை வலப்பக்கம், காற்றுப் போகும் திசையில் பிடித்து, ஒரு நடை முடிந்ததும் இடப்பக்கமாக, காற்று வரும் பக்கத்துக்கு, நகர வேண்டும். அப்போது அடித்து முடித்த வரிசை எப்போதும் காற்றுக்குக் கீழே இருக்கும். அடிப்பவர் தூய காற்றில் நிற்பார். நனைந்த செடிகளுக்குள் நடக்கவும் நேராது. இரண்டு பேர் சேர்ந்து அடித்தால், ஒருவர் அடிப்பது மற்றவர் மேல் படாதபடி இடைவெளி விட வேண்டும். ஒரே வயலில் நாலு பேர் எதிரெதிராக வந்து அடிப்பதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

காற்று வேகமாக அடிக்கும்போது அடிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இலைகூட ஆடாத அதிகாலை அமைதியிலும் கவனம் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று அசையாமல் நிற்கும்போது பனித்துளி மருந்து கலையாமல் அப்படியே மிதக்கும். அடிப்பவர் அதற்குள்ளேயே நடந்துகொண்டிருப்பார். இலை மெல்ல ஆடும் காற்றுதான் வேண்டும். உச்சி வெயில் வேண்டாம்; துளி வற்றும், மனிதரும் வற்றுவார். பூத்திருக்கும் பயிரில் தேனீக்கள் அடங்கிய மாலை நேரமே சரி.

குழாயைச் செடிக்கு மிக அருகில் கொண்டுபோனால், காற்றின் வேகத்தில் இலைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து மூடிக்கொள்ளும். உள்ளே மருந்து போகாது. சற்றுத் தள்ளிப் பிடித்து, இலை புரளும்படி வீச வேண்டும். தலைக்கு மேல் உயர்ந்த பயிரில் நேராக மேலே அடிப்பதுதான் யவத்மாலில் கண்ட ஆபத்து. அந்தப் பயிருக்கு முதுகு இயந்திரத்தை விட்டுவிட்டு வேறு வழி தேட வேண்டும் என்பது என் கருத்து. வரிசைகளுக்கு நடுவே போதிய இடம் விட்டு நட்டிருந்தால் பாதிச் சிக்கல் தீரும். மருந்தடிக்கும் பாதுகாப்பு நடவு நாளிலேயே தொடங்குகிறது.

களைக்கொல்லிக்கு இந்த இயந்திரத்தைத் தொடவே கூடாது. 2,4-டி போன்ற மருந்தின் மெல்லிய பனி பக்கத்துப் பருத்தியைச் சுருட்டிவிடும். அண்டை நிலத்தாரோடு தீராத வழக்கு வரும்.

கயிற்றை இழுக்கும் முன்

ஸ்டார்ட் செய்வது தரையில், சமமான இடத்தில். மருந்து வால்வு மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்ரோல் திறப்பு, சோக், பிறகு கயிறு. இன்ஜின் சற்றுச் சூடாகி நிதானமானதும் இன்னொருவர் தூக்கிவிட, முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும். இயந்திரம் 11, 12 கிலோ. நிரம்பிய டேங்க் அதே அளவு. பெட்ரோலும் சேர்த்து 25 கிலோ. தனியாளாக வளைந்து திருகித் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நாலு டேங்குக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தால் இருவர் மாறி மாறிச் சுமப்பது நல்லது.

வயலில் வரிசை முக்கியம். முதலில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து காற்று நிலைபெற வேண்டும், பிறகுதான் மருந்து வால்வைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது தலைகீழ்: மருந்தை மூடி, காற்றைச் சில நொடி ஓடவிட்டு, பிறகு இன்ஜினைத் தணிக்க வேண்டும். காற்றில்லாமல் மருந்து திறந்தால் துளியாகாமல் ஒழுகிக் கை காலில் வடியும்.

காற்றாடி காற்றை உறிஞ்சும் வாய் முதுகுப் பக்கம் இருக்கிறது. தோளில் போட்ட துண்டு, முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவாக இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அந்த வாயின் கம்பி வலை உடைந்திருந்தால் இன்ஜினைத் தொடாதீர்கள். தலைப்பாகையும் வேண்டாம், மருந்தை ஊறவைத்து உச்சந்தலையில் வைத்திருக்கும். தொப்பி வேண்டும், நழுவாததாக.

மூக்கில் கட்டும் ஈரத் துண்டும் அதே போலத்தான், மருந்தை மூக்கருகில் பிடித்து வைக்கும். சாதாரண மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. வேண்டியது, ஆவியை உறிஞ்சும் கரி நிரப்பிய, பழுப்புப் பட்டை போட்ட வடிகலன் பொருத்தி, துகள் வடிகட்டியும் சேர்ந்த முகமூடி. வாசனை உள்ளே வரத் தொடங்கினால் வடிகலன் தீர்ந்துவிட்டது. கைக்கு நைட்ரைல் உறை. துணி உறையும் தோல் உறையும் மருந்தைக் குடித்துக்கொள்ளும். கண்ணாடி, முழுக்கை, முழுக்கால், கம்பூட்ஸ்.

காதையும் மறக்கக் கூடாது. சுமப்பவரின் காதருகே இந்த இன்ஜின்களின் சத்தம் 100 டெசிபலை ஒட்டி நிற்கும். பாதுகாப்பின்றி அந்தச் சத்தத்தை நாளொன்றுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. காதில் செருகும் பஞ்சு நுரை அடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

இவ்வளவையும் அணிந்து நம் சித்திரை வெயிலில் யார் நடப்பது என்ற கேள்வி நியாயமானது. உலக உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் வகுத்த பூச்சிக்கொல்லி நடத்தை நெறி இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: அணிய முடியாத, வாங்க முடியாத பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளை, வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளும் கூலிகளும் பயன்படுத்தும் இடத்தில் தவிர்த்துவிட வேண்டும். புட்டியில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அடுத்தது, நீலம், பச்சை படிப்படியாகக் குறைந்தது. சிவப்பு முக்கோண மருந்தை மும்மடங்கு கெட்டியாக்கி முதுகு மிஸ்ட் ப்ளோயரில் ஊற்றவே கூடாது என்பேன்.

பெட்ரோலும் கந்தகமும்

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் கலந்த பெட்ரோல்தான் உயிர். கையேட்டில் 25:1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி. 2டி ஆயில், 50:1 என்றால் 20 மி.லி. குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். கூடினால் கரி அடையும். பைக்கின் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் இதற்கு ஆகாது. தனிக் கேனில் கலந்து குலுக்கி ஊற்ற வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலோ மருந்தோ வைக்கவே வேண்டாம். தாகத்தில் வருகிறவர் கையில் அது அகப்படும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது எத்தனால் 20 சதவீதம் வரை கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் நீர் பிரிந்து அடியில் தங்கும். பழைய இன்ஜின்களின் ரப்பர்க் குழாயும் கார்புரேட்டர் சவ்வும் கெட்டுப்போகும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். சீசன் முடிந்தால் டேங்கைக் காலிசெய்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள்.

சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஊற்றித்தான் முதுகில் தீப்பிடிக்கிறது. இன்ஜின் ஆறட்டும். சிந்தியதைத் துடைத்து, ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய்க் கயிற்றை இழுங்கள். பிளக்கைக் கழற்றித் தீப்பொறி பார்க்கும்போதும், சிலிண்டரிலிருந்து பீய்ச்சும் பெட்ரோல் ஆவி பக்கத்திலேயே இருக்கிறது என்பது நினைவில் வேண்டும்.

இதே இயந்திரத்தால் மருந்துத் தூள் தூவுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. வறண்ட நாளில் தூள் குழாயில் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். கந்தகத் தூள் எரியக்கூடியது. அதற்காகத்தான் இயந்திரத்தோடு ஒரு சங்கிலியோ செம்புக் கம்பியோ தருகிறார்கள். அது குழாயோடு இணைந்து தரையில் உரச வேண்டும். தேவையில்லாத பாகம் என்று அதை ஒதுக்கி வைக்காதீர்கள்.

மாலையில் அரை மணி நேரம்

வேலை முடிந்ததும் டேங்கை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரையும் குழாய் வழியாக ஓட்டி, மருந்தடித்த அதே வயலின் ஓரத்தில் அடித்துவிட வேண்டும். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கழுவக் கூடாது. காலிப் புட்டியையும் மூன்று முறை கழுவி அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, புட்டியில் ஓட்டை போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அது எண்ணெய்ப் புட்டியாக ஏதோ ஒரு வீட்டுச் சமையற்கட்டில் போய் நிற்கும்.

பிறகு ஏர் ஃபில்டர். அது தூசியால் அடைத்தால் இன்ஜினுக்குக் காற்று போதாது. பெட்ரோல் மிகும், கரி சேரும், வேகம் குறையும். காற்றாடி மெதுவாகச் சுற்றினால் துளி பெருக்கும், மருந்து ஒழுகும். அடிப்பவர் 'சரியாகப் படலையே' என்று ஒரே செடியில் நின்று நின்று அடிப்பார். மருந்துக்குள் நிற்கும் நேரம் கூடும். நுரை ஃபில்டரை சோப்பு நீரில் அலசிப் பிழிந்து காயவைத்து மாட்ட இரண்டு நிமிடம் போதும். பிளக்கின் முனை மண்நிறமாக இருந்தால் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ மிகுதி. வெளுத்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. முனை இடைவெளி பெரும்பாலான மாதிரிகளில் 0.5 முதல் 0.7 மி.மீ. வரை, உங்கள் கையேட்டைப் பாருங்கள். சிலிண்டர் இறக்கைகளில் சேரும் வைக்கோல் தூளைத் தட்டிவிடுங்கள். சைலன்சர் கரியைச் சீசனுக்கு ஒருமுறை சுரண்ட வேண்டும். தோள்வார் தேய்ந்திருந்தால் தைத்துவிடுங்கள். நடு வயலில் ஒரு பக்கம் அறுந்தால் 25 கிலோவும் சாய்ந்து மருந்து கவிழும்.

டேங்க் கணக்கு

நம் ஊர்களில் மருந்தடிக்கும் கூலி பெரும்பாலும் டேங்க் கணக்கு. டேங்குக்கு இவ்வளவு என்று பேசினால், அடிப்பவர் வேகவேகமாக நிரப்புவார், மதிய வெயிலிலும் 'இன்னும் ரெண்டு டேங்க்தான்ணே, முடிச்சிட்டுச் சாப்பிட்டுக்கிறேன்' என்பார், மாஸ்க்கைக் கழற்றி வைப்பார். டேங்க் கூடினால் அவருக்குக் கூலி கூடும். நிலக்காரருக்கு மருந்துச் செலவும் கூடும். மிஸ்ட் ப்ளோயருக்கு இந்தக் கணக்கு எந்த வகையிலும் பொருந்தாது. ஏக்கருக்கோ, அரை நாளுக்கோ கூலி பேசுங்கள். காலை ஒன்பதரைக்கு வேலை முடிந்தாலும் முழுக்கூலி என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, இயந்திரத்துக்கு மானியம் கிடைக்கிறது, வாடகைக்கும் கிடைக்கிறது. முகமூடியும் கையுறையும் மட்டும் கூலி ஆளின் சொந்தச் செலவு என்று ஆகிவிட்டது. 1971-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளில் பாதுகாப்பு உடைக்கும் சுவாசக் கருவிக்கும் தனித்தனி விதிகள் இருக்கின்றன. இயந்திரத்தை வாடகைக்கு விடுகிறவர் அதோடு ஒரு முகமூடி, புது வடிகலன், இரண்டு மூடி வாஷர், ஒரு ஜோடி நைட்ரைல் உறை ஆகியவற்றைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். அதற்கும் சேர்த்தே வாடகை வாங்கட்டும். மானியம் கொடுக்கும் துறை இதையும் இயந்திரத்தின் பாகமாகவே கணக்கில் எடுக்கலாம்.

மயக்கம் என்று சொன்னால்

மருந்தடித்தவர் தலை வலிக்கிறது, கண் மங்குகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொன்னால் வெயில் என்று நினைத்து நிழலில் படுக்க வைத்துவிடாதீர்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் நடுவே செய்தியை அணைக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. செய்தி அணையாமல் போய்க்கொண்டே இருக்கும், வியர்வை, எச்சில், கண்ணீர் பெருகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். வெல்லமோ மோரோ வாழைப்பழமோ இதற்கு முறிவாகாது.

இயந்திரத்தை இறக்கி, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து, நனைந்த துணி முழுவதையும் கழற்றுங்கள். கூச்சம் பார்க்க நேரமில்லை. சோப்பும் தண்ணீரும் விட்டு, தலைமுடி, இடுப்பு, கவட்டி, நக இடுக்கு வரை கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மருந்துப் புட்டியையோ லேபிளையோ கூடவே எடுத்துப் போங்கள். கலந்து அடித்திருந்தால் எல்லாப் புட்டியையும். மருத்துவர் அட்ரோபின் போன்ற முறிமருந்தைத் தீர்மானிக்க அது தேவை.

குணமாகி வீட்டுக்கு வந்த பிறகும் அவர் உடம்பில் அந்த நொதி பழைய அளவுக்குத் திரும்பப் பல வாரம் பிடிக்கும், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். ஆள் நன்றாகவே நடமாடுவார். அந்தச் சமயத்தில் கொஞ்சம் மருந்து பட்டாலும் முன்பைவிடக் கடுமையாகத் தாக்கும். அதனால் அடுத்த வாரம் 'பரவாயில்லை, மாஸ்க் போட்டுக்கிட்டு வா' என்று அவரைக் கூப்பிடாதீர்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வரப்பு வெட்டவோ, மாட்டைப் பார்க்கவோ, மோட்டார் போடவோ வேலை கொடுங்கள். மருந்தடித்து ஒரு நாள்கூட ஆகாத வயலுக்குள் மட்டும் அனுப்ப வேண்டாம்.